ஏழாம் நாளுக்கு முன் ஐந்து பிளேட்டுகள்

பப்பாசிப்பழம் ஒன்றை மடியில் வைத்து, அதற்குச் சவுக்காரம் பூசி, றேசரால் வழித்துக்கொண்டிருந்தேன். விடிந்து கொஞ்ச நேரம்தான். உப்புநீர்க் களப்புப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. பழத்தின் மஞ்சள் தோல் சீவல் சீவலாகக் கழன்று விரலிடுக்கில் பிசுபிசுத்தது. நாலாவது இழுப்பில் பிளேட் உள்ளே இறங்கிச் சதையையும் கொஞ்சம் அள்ளிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குள் என் மனைவி ஸபியா சிரிக்கிற சத்தம் கேட்டது. பிள்ளை பெற்று ஐந்து நாளான பொம்பிளை அப்படிக் குலுங்கிச் சிரிக்கக்கூடாது என்று அவளுடைய உம்மா அதட்டுகிற சத்தமும் கேட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் இரண்டு நாளில் அந்தப் பழம் இருந்த இடத்தில் என் மகளின் தலை இருக்கும்.

போன கிழமை இந்தப் பத்தியில் உப்பளத்துச் சேற்றைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "நீங்கள் பயப்படாமல் செய்த காரியம் ஒன்றுகூட இல்லையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இல்லை. ஆனால் பயந்து பயந்து செய்து முடித்த காரியம் ஒன்று உண்டு. அதைச் சொல்கிறேன்.

றேசர் வந்த விதம்

இரண்டாம் உலக யுத்த காலம். புத்தளத்துப் பக்கம் வெள்ளைக்காரர் விமானம் இறங்குவதற்குக் காடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருந்தது கற்பிட்டி வீதியோரம், களப்பை ஒட்டிய ஒரு வளவில். எனக்கு உப்பளத்தில் வேலை. பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களையும் உப்பு வாருகிறவர்களையும் மேற்பார்க்க வேண்டும். பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. ஒரு குடையும் ஒரு விசிலும் தந்திருந்தார்கள்.

எங்கள் ஊரில் ஆம்பிளைகளின் தலையும் முகமும் ஒஸ்தா மாமாவின் பொறுப்பு. ஒஸ்தா என்றால் நாவிதர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பிறந்த ஏழாம் நாள் பிள்ளைக்கு முடி இறக்குவதும் அவர்தான், பையன்களுக்குச் சுன்னத்து வைப்பதும் அவர்தான், மாப்பிள்ளைக்கு முகம் வழித்து விடுவதும் அவர்தான். வெள்ளிக்கிழமை காலையில், ஒரு கையில் தோல் பையும் மறு கையில் ஒரு தண்ணீர்க் கேத்தலுமாக வீடு வீடாக வருவார். பலகையில் உட்கார வைத்து, தாடையைப் பிடித்து, சவரக்கத்தியை வாரில் இரண்டு தரம் தீட்டுவார்.

எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. கத்தி கழுத்துக்கு வரும்போது எதற்கும் இருக்கட்டும் என்று, சாகும்போது சொல்லுகிற கலிமாவை மனசுக்குள் சொல்லி வைப்பேன். அவருடைய கையில் பிழை கிடையாது. நாற்பது வருசத்தில் ஒருவரையும் வெட்டியதில்லை. ஆனாலும், நாற்பது வருசம் வெட்டாதவர் இன்றைக்கு வெட்டமாட்டார் என்று யார் எழுதித் தந்தது?

ஸபியாவின் கூடப்பிறந்த நானா காசிம் மச்சான் கொழும்புக்கு லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். போகும்போது உப்பும் கருவாடும், வரும்போது கடைச் சாமான். ஒருநாள் புறக்கோட்டையில் ஒரு றேசரைப் பார்த்து எனக்காக வாங்கி வந்தார். ஒரு பிடி, பல்லு வைத்த ஒரு தட்டு, ஒரு மூடி. நடுவில் பிளேட்டை வைத்துத் திருகினால் விளிம்பு மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

"இதால ஒங்கட கழுத்த வெட்ட நெனச்சாலும் வெட்டேலா, மச்சான்," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அதை வாங்கிக்கொண்டேன்.

உப்பளத்தில் அதைப் பார்த்து இரண்டு பேர் வாங்கினார்கள். அவர்களைப் பார்த்து நாலு பேர். ஒஸ்தா மாமாவின் வெள்ளிக்கிழமை குறுகிக்கொண்டு வந்தது. பள்ளிவாசல் லெப்பை, "கத்தியெண்டாலும் மெசினெண்டாலும் போறது தாடிதானே, எனக்கு ரெண்டுலயும் சந்தோசமில்ல," என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். ஒஸ்தா மாமா வழியில் கண்டால் என் ஸலாமுக்குப் பதில் சொல்வார். அதற்கு மேல் கதை கிடையாது.

தேத்தண்ணிக் கடையில் விட்ட வார்த்தை

எங்களுக்கு முதலில் ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் உயிர் பிரிந்து மௌத்தாகிவிட்டது. அதைப் பற்றி இந்த ஒரு வரிக்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

இரண்டு வருசம் கழித்து மகள் பிறந்தாள். கறுகறுவென்று காதை மூடுகிற முடி. ஏழாம் நாள் ஆடு அறுத்து, முடி இறக்கி, பெயர் வைத்து, முடியின் நிறைக்கு வெள்ளியை ஏழைகளுக்கு ஸதகாவாகக் கொடுப்பது எங்கள் வழமை. அவள் பிறந்த மறுநாள் காலை, ஒஸ்தா மாமாவுக்குச் சொல்லச் சொல்லிக் காசிம் மச்சானை அனுப்பினேன். நான் சந்தித் தேத்தண்ணிக் கடையில் காத்திருந்தேன். கடையில் உப்பளத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

மச்சான் திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"என்ன சொன்னாரு?"

"அவருக்கிட்டத்தான் மெசின் இரிக்கே, ஒஸ்தா எதுக்கு எண்டு கேட்டாரு."

கடையில் சிரிப்பு எழுந்தது. ஒருவர், "ஓம், அதுவும் ஞாயந்தானே," என்றார். இன்னொருவர், "மெசினுக்கு விசிலும் ஊதிக்கொண்டு சிரைக்கலாம்," என்றார்.

என் காது சுட்டது. எழுந்து நின்று, "சரி. எண்ட புள்ளட முடிய நானே எறக்குறன். ஏழாம் நாள் எல்லாரும் வந்து பாருங்க," என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

ஸபியாவிடம் சொன்னேன். வைவாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, "சொன்னா செய்யுங்க," என்றாள். பிறகு தலையைத் தூக்காமலே, "எண்ட புள்ளட தலையில ரத்தம் மட்டும் வரப்படாது," என்றாள்.

நான் ஓடிப்போகிற ஆள் என்பது அவளுக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தை விட்டதே அப்படித்தான். ஐந்தாம் வகுப்பில் இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேட்பார் என்று சொன்னார்கள். அன்று காலை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உப்பளத்துப் பக்கம் போய் ஒளிந்தேன். மறுநாள் போக வெட்கம். அதற்கடுத்த நாள் போகப் பயம். ஒரு மாதம் போனதும் போக வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. அந்த இன்ஸ்பெக்டர் அன்றைக்கு வரவேயில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இந்த முறை ஒளிய இடமில்லை. வீடு ஸபியாவின் வீடு. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டில் குடியிருப்பது. பிள்ளை அறைக்குள். மாமி, ஸபியாவின் உம்மா, கதவுக்குப் பின்னால்.

ஐந்து தாள், ஐந்து குணம்

பயந்தவனுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. எதையும் முதலில் பார்த்துத்தான் செய்வான். நான் பிளேட் தேடினேன். யுத்த காலத்தில் ஒரே சாதி பிளேட் பெட்டியாகக் கிடைக்காது. காசிம் மச்சான் மதுரங்குளிக் கடையொன்றிலிருந்து இரண்டு கொண்டு வந்தார்: ஒன்று சிவப்புத் தாள் சுற்றியது, ஒன்றில் மான் படம். பட்டாளத்து முகாமில் இளநீர் கொடுத்து ஒன்று வாங்கினார்; அதற்குத் தாளே இல்லை, எண்ணெய்க் கடதாசி மட்டும். உப்பளத்துக் கூட்டாளி ஒருவன் அலுமாரியின் அடியிலிருந்து பழைய பச்சைத் தாள் ஒன்றை எடுத்துத் தந்தான். என்னிடமே நீலத் தாள் ஒன்று மிச்சமிருந்தது.

ஐந்தையும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியில் சுற்றி வைத்தேன். எங்கள் பக்கத்துக் காற்றில் ஒரு இரவு திறந்து கிடந்தால் போதும், காலையில் விளிம்பு துருப்பிடித்துப் பழுத்துவிடும்.

மூன்றாம் நாள் காலை சிவப்புத் தாளை முகத்தில் வைத்தேன். தாடையில் இழுத்தது இழுப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மான் படத்தை இடது முழங்கையிலிருந்து கீழே வழித்துப் பார்த்தேன். கையில் இருப்பது மெல்லிய மயிர், பிள்ளையின் முடிக்கு அதுதான் பொருத்தம் என்று எண்ணம். வழித்த இடம் முழுக்கச் சிவப்புப் பொட்டாக எழும்பியது. நாலாம் நாள் பட்டாளத்துப் பிளேட். அது நன்றாக வெட்டியது, என்னையும் வெட்டியது. மூன்று இடத்தில் கடதாசித் துண்டு ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

"என்ன நானா, பூனையோட சண்டையா?" என்று உப்பு வாருகிற ஒருத்தி கேட்டாள்.

"பூனையில்ல, மெசின்," என்று பக்கத்தில் நின்றவள் பதில் சொன்னாள்.

அன்று பின்னேரம் பச்சைத் தாள். அது வலது கையில் மயிரை வெட்டவில்லை, பிடுங்கியது.

ஐந்தாம் நாள் காலை நீலத் தாள். கைகளில் வழிக்க மயிர் இல்லை, முகத்திலோ காயம். மயிர் இல்லாவிட்டால் என்ன, தோலை வெட்டாமல் போகிறதா என்று பார்த்தால் போதும் என்று நினைத்தேன். பிள்ளையின் தலைத்தோல் போல மென்மையாக என்ன இருக்கிறது என்று வளவைச் சுற்றிப் பார்த்தேன். பப்பாசி மரம் நின்றது.

அங்கேதான் இந்தக் கதையைத் தொடங்கினேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் மாமியார் மருமகனுக்கு முன்னால் வரமாட்டார், நேராகக் கதைக்கவும் மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வதுபோலச் சொல்வார். மகள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் மகளிடம்தான் சொல்வார்.

கிழிந்த பழத்தை நான் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கிடுகுத் தட்டிக்குப் பின்னால் மாமியின் குரல் கேட்டது.

"மகள், மருமகன் எந்தத் தண்ணில சவுக்காரம் போடுறாரு எண்டு கேளு."

ஸபியா உள்ளேயிருந்து, "வளவுக் கிணத்துத் தண்ணியா?" என்று கேட்டாள்.

"ஓம். வேற எந்தத் தண்ணி?" என்றேன்.

"மகள், ஒஸ்தா என்னத்துக்கு ஊரெல்லாம் கேத்தலத் தூக்கிக்கொண்டு திரியிறாரு எண்டு கேளு."

நான் கையிலிருந்த பழத்தைப் பார்த்தேன். அதன் மேல் நுரை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது நுரையே இல்லை. தயிர் திரிந்ததுபோல வெள்ளைத் திட்டுத் திட்டாக நின்றது. களப்போரத்துக் கிணறு, வாயில் வைத்தால் உவர்க்கும். அந்தத் தண்ணீரில் சவுக்காரம் எப்படி நுரைக்கும்? குடிக்கிற நல்ல தண்ணீர் பள்ளிவாசல் கிணற்றிலிருந்து குடத்தில் வரும். அதை யாராவது தாடிக்குச் செலவழிப்பார்களா? அதனால் எங்களில் றேசர் வாங்கிய அத்தனை பேரும் வளவுத் தண்ணீரிலேயே வழித்துக்கொண்டு, றேசர் என்றால் இப்படித்தான் இழுக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஒஸ்தா மாமா மட்டும் பள்ளிவாசல் கிணற்றில் கேத்தலை நிரப்பிக்கொண்டு வருவார். அவருடைய கத்தியின் மென்மை என்று ஊர் சொன்னதில் பாதி, கேத்தலில் இருந்தது.

மூன்று நாளாக நான் பரீட்சித்தது பிளேட்டை அல்ல, கிணற்றை.

"மகள்," என்றார் மாமி, "ஒரு குடம் நல்ல தண்ணி வாசல்ல வச்சிரிக்கன். பப்பாசிய ஆட்டுக்குப் போடச் சொல்லு."

ஐந்தையும் மறுபடி

ஆறாம் நாள் உப்பளத்துக்கு லீவு சொன்னேன். இரண்டு நாள் தாடி முளைத்திருந்தது. முகத்தை ஐந்தாகப் பிரித்தேன்: வலது கன்னத்துக்குச் சிவப்பு, இடது கன்னத்துக்கு மான், நாடிக்குப் பட்டாளம், மேலுதட்டுக்குப் பச்சை, கழுத்துக்கு நீலம். முருங்கை மரத்தில் கண்ணாடி. ஸபியா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலில் இருந்தாள்.

நல்ல தண்ணீரில் சவுக்காரம் குழைந்து பொங்கியது. மயிர் வெட்டுப்படுகிற சத்தத்தை முதல்முறையாகக் கேட்டேன். பழைய கடதாசியை விரலால் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம்.

முந்திய நாள் வரை எல்லாம் ஒரே பிசாசு. இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் தெரிந்தது. பட்டாளத்துப் பிளேட்டுக்குப் பசி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடிக்கும். மான் நல்லதுதான், ஆனால் திரும்பி வரும்போது தட்டுப்படும். பச்சை கிழடு. சிவப்பு போகிறபோது ஒரு எரிவை விட்டுவிட்டுப் போகும். நீலம் மட்டும் கழுத்தில், நான் எப்போதும் மூச்சை நிறுத்துகிற அந்த இடத்தில், போனது தெரியாமல் போனது.

ஏன் என்று யோசித்தேன். மற்றவை எல்லாம் ஏற்கெனவே ஒரு பாட்டம் ஓடியவை. நீலம் பழத்தோலில் நாலே இழுப்பு. அப்படியென்றால் புதுசா நல்லது? ஆனால் கழுத்தின் தொடக்கத்தில் அதுவும் லேசாகக் கடித்தது. பாதி தாண்டிய பிறகுதான் அடங்கியது. புதுப் பிளேட்டின் முதல் முறுக்கு ஒரு தாடியில் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் அது பிள்ளைக்கு ஆகும் என்று எனக்கு விளங்கியது. இன்றைக்கும் இதை நான் ஒரு கண்டுபிடிப்பாகத்தான் வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் தன் தோலிலேயே எழுதிப் படித்த பாடம்.

றேசரின் திருகை இறுக்கினால் பிளேட் நன்றாக வளைந்து உள்ளே அடங்கும் என்பதையும் அன்றுதான் பிடித்தேன். இறுக்கினேன். நீலத் தாள் பிளேட்டைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். எண்ணெய் தொட்டுச் சுற்றினேன்.

பிறகு போய் ஒரு மூலையில் உட்கார்ந்து நடுங்கினேன். அது வேறு விசயம்.

ஏழாம் நாள்

வெயில் ஏறுமுன் வளவு நிறைந்துவிட்டது. தேத்தண்ணிக் கடையில் சிரித்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஒஸ்தா மாமாவும் வந்தார். சாப்பாட்டுக்கு முறைப்படி சொல்லியிருந்தோம். பையோடு வந்து, எனக்கு எதிரே இருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

காசிம் மச்சான் பாயில் சம்மணம் கட்டி உட்கார, பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி அவர் மடியில் வைத்தார்கள். நான் நல்ல தண்ணீரை இளஞ்சூடாக்கி, நுரையைக் கையாலேயே தலையில் பூசினேன். பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

நெற்றியிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு விரல் நீளம், ஒரு கழுவல். ஒரு விரல் நீளம், ஒரு கழுவல். கறுப்பு முடி கொத்துக் கொத்தாகப் பீங்கான் தட்டில் விழுந்தது. வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் முடிந்தது. பிடரி முடிந்தது.

உச்சிக்கு வந்தேன். எலும்பு மூடாத அந்தக் குழி, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தோலுக்குக் கீழே உயிர் நடக்கிறது கண்ணுக்கே தெரிந்தது. என் கை நின்றுவிட்டது.

ஒஸ்தா மாமா பையைத் திறந்தார். கத்தியை எடுத்தார்.

"தம்பி, உச்சிய விடுங்க. அத நான் பாக்குறன். இதுல ரோசம் வேணா," என்றார். குரலில் கேலி இல்லை. அது என்னை இன்னும் கலக்கியது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டு நின்றது. கொடுத்துவிடலாம். கொடுத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அவர் நாற்பது வருசம் வெட்டாதவர்.

என் வாயிலிருந்து வந்தது இது: "ஒஸ்தா மாமா, அந்தக் கத்திய இண்டைக்கு ஒங்கட முகத்துல வச்சுப் பாத்தீங்களா?"

அவர் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார்.

"நான் பாத்தன். அஞ்சு பிளேட்டு, நாலு நாள்." காயங்கள் தெரியும்படி முகத்தைத் திருப்பிக் காட்டினேன். "இது என்ன செய்யும், என்ன செய்யாது எண்டு எனக்குத் தெரியும்."

அவர் என் கன்னத்தையும் நாடியையும் ஒவ்வொரு காயமாகப் பார்த்தார். பிறகு கத்தியை மடித்துப் பையில் போட்டார்.

"பிஸ்மி சொல்லிச் செய்யுங்க," என்றார்.

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிச் செய்தேன். அந்தக் குழியின் மேல் நீலத் தாள் பிளேட் நாலு தரம் போனது. கை நடுங்கவில்லை. ஏன் நடுங்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நடுங்குவதற்கு அந்தக் கிழமை முழுக்க எடுத்துக்கொண்டேன், மிச்சமில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

ஈரத்துணியால் துடைத்தபோது தலை உரித்த நுங்கு மாதிரி இருந்தது. துணி வெள்ளையாகவே இருந்தது. பிள்ளை நித்திரை கலையவில்லை.

ஒஸ்தா மாமா எழுந்து வந்தார். உள்ளங்கையைப் பிடரியிலிருந்து மேல்நோக்கி, எதிர்ப்பக்கமாக, மெதுவாக ஓட்டினார். காதை மடித்துப் பார்த்தார்.

"இடது காதுக்குப் பின்னால நாலு முடி நிக்குது," என்றார்.

வளவே சிரித்தது. நானும் சிரித்தேன். நாலு முடிதான். அதைத் தவிர அவருக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டுத் தலைமுடி எல்லாம் அவருக்கே போனது. முகம் என்னிடம் நின்றது. தங்கள் பிள்ளைக்கும் முடி இறக்கித் தாருங்கள் என்று ஆட்கள் என்னிடம் வந்தார்கள். எல்லோரையும் ஒஸ்தா மாமாவிடமே அனுப்பினேன். அடக்கம் என்று நினைத்தார்கள். பயம்தான்.

ஸபியா அன்று சாப்பாட்டுப் பரபரப்பு முடிந்த பிறகு, பிள்ளையின் தலையில் வாய் வைத்து முத்திவிட்டு, எனக்குக் கேட்கும்படி அதனிடம் சொன்னாள்: "வாப்பா ஓடல்ல, பாத்தியா."

மகளுக்குப் பிறகு முடி இடுப்புவரை வளர்ந்தது. சிறு பிள்ளையாக அவள் குளித்துவிட்டு வரும்போது, துவட்டுகிற சாக்கில் வகிடு வகிடாகப் பிரித்து, வெளிச்சத்தில் உச்சியைப் பார்ப்பேன். எங்கேயாவது ஒரு மெல்லிய கீறல், அன்றைக்கு நான் காணாமல் விட்டது, இருந்துவிட்டால்?

"பேன் பாக்குறீங்களா வாப்பா?" என்று கேட்பாள்.

"இல்ல மகள்."

அவள் ஓடிவிடுவாள். நான் துவாயைக் கொடியில் போடுவேன். ஒவ்வொரு முறையும் தேடினேன். ஒவ்வொரு முறையும் தலை சுத்தமாக இருந்தது.